ஆட்டம் ஒத்திவைப்பு

விளக்குத்தூண் பக்கம் ஒரு மாடிக் கடையில்
திருப்பூர் தள்ளிவிட்ட மூட்டைக்குள்
எங்களுக்குக் கிடைத்தது ஹார்ல்பி டவுன்.
கிலோ நூற்றெண்பது ரூபாய்.
பதினான்கு சட்டை, கத்தரிப்பூ நிறம், கையில் மஞ்சள் பட்டி.
அதில் ஆறாம் நம்பர் மட்டும் நான்கு.
முதுகில் எவனோ ஒரு பிளம்பரின் போன் நம்பர்.
நெஞ்சில் ஒரு பாலம்,
பாலத்தின் மேல் ஒரு பறவை.
கொக்கு என்றான் காசிமாயன்.
வாத்துடா என்றான் இர்ஃபான்.
தையல் பிசகிய பறவை
யாருக்கும் பிடிகொடுக்காமல் நின்றது.

அதுவரை எங்களுக்குப் பெயர் கிடையாது.
கண்மாய்ப் பயலுக என்பார்கள்.
வாடிப்பட்டிக்குத் தெற்கே
மடைக்கும் கருவேலங்காட்டுக்கும் நடுவில்
பாளம் பாளமாய் வெடித்த வண்டல்தான் மைதானம்.
கைதட்ட ஆறு பேர் வருவார்கள்,
ஒச்சப்பனின் ஆடுகளைக் கணக்கில் சேர்க்காமல்.

இர்ஃபான்தான் போனில் தேடிப் பிடித்தான்.
அப்படி ஓர் ஊர் இருக்கிறது.
அங்கே எட்டாவது டிவிஷனில்
கடைசிக்கு இரண்டு படி மேலே
இதே சட்டையில் ஆடுகிறார்கள்.
அன்றைக்கு மூன்றுக்குப் பூஜ்யம், தோல்வி.
நாங்களும் அன்று அலங்காநல்லூரிடம்
மூன்று வாங்கிக்கொண்டு வந்திருந்தோம்.
அப்போது ஒட்டியதுதான்.

சனிக்கிழமை ராத்திரி எட்டரை
பவுன்தாயி புரோட்டாக் கடை.
சால்னா வாளியில் சாய்த்து வைத்த போனில்
படம் வராது, எண் மட்டும் மாறும்.
மாறினால் பெரும்பாலும் எதிராளிக்கு.
கல்லில் எண்ணெய் விட்டபடி கேட்பாள்:
"என்னாச்சு, நம்ம ஊருக்காரனுகளுக்கு?"
கோல்கீப்பர் வாரநாளில் தபால்காரன்
என்று யாரோ படித்துச் சொன்ன நாளிலிருந்து
அவனை அவள் விட்டுவைத்ததில்லை.
"தபாலையும் இப்படித்தான்
கைநழுவ விடுவான் போல."

ஒருமுறை காசிமாயன்
முதுகில் இருந்த நம்பருக்கு அடித்துவிட்டான்.
ஹலோ என்றது ஒரு கிழக்குரல்.
ஸ்கோர்? என்றான் இவன்.
அங்கே கொஞ்சநேரம் மூச்சு.
பிறகு நீளமாய் ஏதோ சொல்லி வைத்துவிட்டது.
புரிந்தது ஒரே வார்த்தை: லாஸ்ட்.

கார்த்திகையில் எங்களுக்கு அரையிறுதி.
வாழ்நாளில் முதல் தடவை,
அதுவும் எங்கள் கண்மாயில்.
வெள்ளிக்கிழமை சாயங்காலம் பிடித்தது மழை.
வேண்டாம் என்று எந்தச் சாமியிடம் சொல்வது?
எங்கள் சோலைமணி, ஒரே ஒழுங்கான ஃபார்வர்ட்,
அவன் அப்பாவுக்கு ஆயக்கட்டில் ரெண்டு ஏக்கர்.
மூன்று வருசமாய்த் தரிசு.
அவன் மட்டும் அன்று
யார் முகத்தையும் பார்க்கவில்லை.

சனி ராத்திரி கரை கசிகிறது என்று ஆள் வந்தது.
காய்ந்து கிடந்த துணி அதுதான்,
அதையே மாட்டிக்கொண்டு ஓடினோம்.
டார்ச் வெளிச்சத்தில்
நான்கு ஆறாம் நம்பர்களும் வரிசையில் நிற்க
மணல் மூட்டை கைக்குக் கை போனது.
ஒன்றுகூடத் தவறவில்லை.
இந்த சீசன் முழுக்க
நாங்கள் உருப்படியாய்ப் பாஸ் செய்தது அன்றுதான்.
கரைமேல் நின்று கைதட்டியது
ஆறு பேர் இல்லை, ஊர்.

விடியப்போகிற நேரம், ஈரக்கையால்
இர்ஃபான் போனைத் துடைத்துப் பார்த்தான்.
ஹார்ல்பி டவுன்:
மைதானத்தில் நீர் தேங்கியதால் ஆட்டம் ஒத்திவைப்பு.
டீத்தூக்கோடு வந்திருந்த பவுன்தாயி கேட்டாள்:
"அங்கயும் கண்மாயிலதான் ஆடுறானுகளா?"

வெளுத்தது.
எங்கள் கோல் கம்பத்தில்
மேல்கட்டை மட்டும் ஒரு சாண் தெரிந்தது.
அதன்மேல் ஒரு பறவை.
காசிமாயன் இர்ஃபானைப் பார்த்தான்,
இர்ஃபான் காசிமாயனை.
ஆடுகளை மேட்டுக்கு ஓட்டிக்கொண்டு போன ஒச்சப்பன்
திரும்பாமலே சொன்னார்:
"நீர்க்காக்காடா அது."

சேறு அப்பிய நெஞ்சைத் தேய்த்துப் பார்த்தோம்.

இருக்கலாம்.